ஒரு அடி சாய்தளம்

ஹெரன் ரிட்ஜ், அதாவது நாரை மேடு, என்ற அந்தப் புறநகரில் நாரையும் கிடையாது, மேடும் கிடையாது. ஊர் பூராவும் தோசைக்கல் மாதிரி தட்டை. ஆனாலும் வெண்டல் குஸ்மாவின் வீட்டு வாசலில் நாலு படிகள் இருந்தன. முப்பத்தொரு வருஷம் அந்தப் படிகளில் ஏறி இறங்கியவர் ஒருநாளும் அவற்றை எண்ணிப் பார்த்ததில்லை. மார்ச் மாதம் அவர் மனைவி டோரீனுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோன பிறகுதான் எண்ணினார்.

டோரீனை ஆஸ்பத்திரியிலிருந்து நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். அங்கே பேச்சுப் பயிற்சி, கால் பயிற்சி எல்லாம் நடந்தது. பேச்சு சீக்கிரமே திரும்பி வந்தது. கால் வரவில்லை. இல்லத்தில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்கு நகராட்சி அனுமதி பெற்ற சாய்தளம் இருந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்று அதில் இருந்தது.

"ஒரு பலகையச் சாய்ச்சுப் போடறதுக்கு என்ன பெரிய அனுமதி? ரெண்டு வாரத்துல முடிச்சுடு கிழவா. இங்க குடுக்கற ஓட்ஸ் கஞ்சி சுவத்துல போஸ்டர் ஒட்டத்தான் ஆகும்" என்றாள் டோரீன்.

வெண்டல் ரொட்டிக் கம்பெனி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தெரியாத தெருவானால் நிறுத்தி வழி கேட்பார், சொன்ன வழியில் போவார், போய்ச் சேர்ந்துவிடுவார். அதே நம்பிக்கையில்தான் நகராட்சி அலுவலகத்துக்கும் போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஃபிலிஸ் என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். முகத்தைச் சுளிக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு தாளில் கோடு போட்டுக் கணக்குச் சொன்னாள்.

"ஒரு அங்குலம் உசரத்துக்கு ஒரு அடி நீளம் வேணும். உங்க படி மொத்தம் இருபத்தெட்டு அங்குலம். ஆக ராம்ப் இருபத்தெட்டு அடி. உங்க வீடு ரோட்லேர்ந்து முப்பத்தோரு அடி தள்ளி இருக்கு. முன்பக்கம் முப்பது அடிக்கு எதுவுமே கட்டக்கூடாது. அப்ப உங்களுக்கு ஒரு அடி இருக்கு. தாராளமா கட்டிக்கலாம்."

"ஒரு அடிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அது உங்க இஷ்டம் மிஸ்டர் குஸ்மா. வீட்டுக்காரங்க ரசனைல நாங்க தலையிடறதில்ல."

"பக்கவாட்டுல போட்டா?"

"பக்கத்துல பத்து அடி விடணும். உங்களுக்கு இருக்கறதே எட்டு. இன்னும் சொல்லப்போனா அந்த வீடு அங்க இருக்கறதே தப்பு. நாங்கதான் பெருசு பண்ணாம இருக்கோம்."

பின்பக்கம் ஓடை. ஓடை மாவட்ட நிர்வாகத்துடையது. விதிவிலக்கு என்று ஒன்று உண்டாமே, அதற்கு மனுப் போடலாமா என்று வெண்டல் கேட்டார். ஃபிலிஸின் முகம் மலர்ந்தது.

"போடலாம்தான். ஆனா இப்ப நிறுத்தி வெச்சிருக்கோம். எங்க என்ன கட்டலாம்னு சொல்ற நம்ம ஊரு மண்டல விதிப்புத்தகம் 1958ல எழுதினது. அதப் புதுப்பிக்கறாங்க. புதுப்பிச்சு முடிக்கற வரைக்கும் பழைய புத்தகத்துல விலக்கு குடுக்கறதில்ல."

"அப்ப பழைய புத்தகத்துல இருக்கற தடை?"

"அது இருக்கும். புத்தகம் அமல்லதானே இருக்கு."

"புதுப்பிக்க எத்தன நாளாகும்?"

"எட்டு வாரம்னு போட்டிருக்காங்க" என்று தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இது போன வருஷத்துத் தாள்."

அனுமதி இல்லாமல் கட்டிக்கொடுக்க ஒரு தச்சனும் ஒப்புக்கொள்ளவில்லை. உரிமம் போய்விடுமாம். வெண்டலே மரம் வாங்கிக் கட்டியிருப்பார். இல்லத்தில் கையெழுத்திட்ட அனுமதித் தாள் கேட்பார்களே. ஆக வழி ஒன்றுதான் இருந்தது. புத்தகத்தைச் சீக்கிரம் புதுப்பிக்க வைக்க வேண்டும்.

மே மாதம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பொதுமக்கள் கருத்துப் பட்டறை நடந்தது. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கான பெஞ்சுகளில் அறுபது வயதுக்காரர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நகரத்திலிருந்து வந்த ஆலோசகர் கேலன், சட்டையின் முழுக்கையை மடித்து விட்டுக்கொண்டு நடுவில் நின்றார். சுவர் நெடுகப் படங்கள். குடை விரித்த காபிக்கடை, சைக்கிளில் சிரிக்கும் பெண், நாயோடு நடக்கும் இன்னொரு பெண், கூரையில் செடி வளர்க்கும் தாடிக்காரர். இவர்களில் ஒருவரைக்கூட ஹெரன் ரிட்ஜில் யாரும் பார்த்தது கிடையாது. வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஐந்து பச்சைப் பொட்டுகள் தந்தார்கள். பிடித்த படத்தில் ஒட்ட வேண்டும். ஊரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது இப்படித்தான்.

"இத விதின்னு நெனைக்காதீங்க" என்றார் கேலன். "இது ஒரு உரையாடல். ஒரு பயணம். நீங்க பேசவே வேணாம், பொட்டே பேசும்."

வெண்டல் படங்களைச் சுற்றிச்சுற்றி வந்தார். சக்கர நாற்காலி எதிலும் இல்லை. படங்களில் இருந்த யாருக்கும் நாற்பதுக்கு மேல் வயதிருக்காது, எல்லாருக்கும் ரெண்டு காலும் நன்றாக இருந்தன. கடைசிப் படத்தில் மட்டும் ஒரு சாய்தளம் தெரிந்தது. சாம்பல் நிறத்தில், வழவழவென்று, நல்ல அகலமாக இருந்தது. பக்கத்தில் எதையோ கையில் பிடித்தபடி ஒருவன் அரை உயரத்துக்குத் தெரிந்தான். வெண்டல் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். சாய்தளம் என்று கண்டதே போதும் என்று ஐந்து பொட்டையும் அதிலேயே ஒட்டிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தார்.

ஜூனில் அறிக்கை வந்தது. பட்டறைக்கு வந்தவர்கள் பதினொரு பேர். மற்ற பத்துப் பேரின் பொட்டுகளும் பதினாறு படங்களுக்குப் பிரிந்து போயிருந்தன. ஆகவே பொதுமக்களின் ஏகோபித்த விருப்பம் வீட்டு முன்புறத்தில் சக்கரப் பலகையில் நின்று சறுக்கும் ஸ்கேட்போர்டு சாய்தளங்கள்தான் என்று கேலனின் அறிக்கை வண்ணப் படத்தோடு சொன்னது.

ஊரில் ஸ்கேட்போர்டு வைத்திருந்தவர் ஒரே ஒருவர். ஐம்பத்து நாலு வயதுப் பல் டாக்டர். அவரும் மணிக்கட்டை முறித்துக்கொண்டு அதைப் பரணில் போட்டுவிட்டார். அதனாலென்ன, ஒரே வாரத்தில் புல்வெளிகளில் எதிர்ப்பு அறிவிப்புப் பலகைகள் முளைத்தன. ‘சறுக்குக் கலாச்சாரம் வேண்டாம்', ‘ஹெரன் ரிட்ஜ் சாயாது' என்று எழுதியிருந்தார்கள். பலகை நட்டவர்களில் முதல் ஆள் லாயிஸ் ட்ரம். அடுத்த தெருக்காரி, நகராட்சித் திட்டக்குழு உறுப்பினர். டோரீன் விழுந்த அன்று மாலையே டூனா மீன் கசரோல் செய்து வந்து கொடுத்தவளும் அவள்தான்.

பொதுமக்களின் கருத்தைப் பொதுமக்கள் எதிர்த்துவிட்டதால் கேலன் வரைவைத் திருத்தினார். ஜூலையில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் புதிய விதிப்புத்தகம் வந்தது. முன்னூற்று ஆறாம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘சக்கரம் உடைய எப்பொருளும் இறங்கத்தக்க சாய்வான கட்டுமானம் எதுவும் வீட்டின் எப்புறத்திலும் எக்காலத்தும் கூடாது.'

பழைய புத்தகத்தில் வெண்டலுக்கு ஒரு அடியாவது இருந்தது. புதுப் புத்தகத்தில் அதுவும் போயிற்று. கார் நிறுத்தும் பாதைகளும் சாய்வுதானே என்று யாரோ கேட்டபோது, அவை ஊரின் குணத்தில் சேர்ந்தவை, மன்னிக்கப்படும் என்று விளக்கம் தந்தார்கள்.

வெண்டல் இதை டோரீனிடம் சொன்னபோது அவள் வெகுநேரம் சிரித்தாள். ஒரு பக்க வாய் மட்டும்தான் சிரித்தது.

"அஞ்சு பொட்டையும் நீயேவா ஒட்டின?"

"கண்ணாடி எடுத்துட்டுப் போகல."

"உன்ன நம்பிக் கழுத்த நீட்டினேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றாள். பிறகு, "போய்ச் சொல்லு வெண்டல். மனுஷங்கதானே, சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க" என்றாள்.

செப்டம்பரில் பொது விசாரணை. திட்டக்குழுவில் ஏழு நாற்காலிகள். நடுவில் தலைவர் ரோலண்ட் பெட்டிபோன். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு மனுக்களைப் பரிசீலித்து ஓய்வு பெற்றவர். பேசுகிறவர்களுக்கு எதிரே ஒரு சின்ன சிக்னல் விளக்கு. மூன்று நிமிடம் பச்சை, பிறகு சிவப்பு. சிவப்பு வந்ததும் ஒலிபெருக்கி தானாக அணைந்துவிடும்.

"இந்த ஊரோட பெருமையே நாம காது குடுத்துக் கேக்கறதுதான்" என்று தொடங்கினார் பெட்டிபோன். "அதுக்காகத்தான் இந்த விளக்க வாங்கினோம். முப்பத்து நாலு வருஷம் மனுக்களப் பாத்தவன் நான். ஒருத்தர் கண்ணீருக்காகவும் ஒரு தடவகூட அவசரப்பட்டதில்ல. அவசரப்பட்டிருந்தா நெறயப் பேருக்கு நெறயக் குடுத்திருப்பேன். அது நியாயமா, சொல்லுங்க?"

கூட்டம் தலையாட்டியது.

முதல் நாற்பது நிமிடம் பதினான்காம் அத்தியாயத்துக்குப் போனது. கேலனின் நிறுவனம் வேறொரு ஊருக்கு எழுதிய புத்தகத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தது. அந்த ஊர் கடற்கரையில் இருந்தது. ஆகவே பதினான்காம் அத்தியாயம் படகுத்துறை, இறால் வலை உலர்த்தும் இடம், பேரலைத் தடுப்புச் சுவர் ஆகியவற்றைப் பற்றிப் பேசியது. ஹெரன் ரிட்ஜிலிருந்து கடல் பத்து மணி நேரக் கார்ப் பயணம். அத்தியாயத்தை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். எடுத்தால் பக்க எண்கள் எல்லாம் மாறும், மறுபடி அறிவிப்புத் தர வேண்டும், எட்டு வாரம் ஆகும் என்றார் நகராட்சி வக்கீல். இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவானது. படகு கட்டுவதை ஒருவரும் எதிர்க்கவில்லை.

வெண்டலின் முறை வந்தது. தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"என் பேரு வெண்டல் குஸ்மா. பதினெட்டு, ஆல்டர் தெரு. அந்த அஞ்சு பொட்டும் நான் ஒட்டினது. எனக்கு ஸ்கேட்போர்டு வேணாம். என் பொண்டாட்டி வீட்டுக்கு வரணும், அவளால நடக்க முடியாது. அதுக்குத்தான் ராம்ப் கேட்டேன். அந்தப் பொட்டெல்லாம் எடுத்துட்டா..."

"ஒரு நிமிஷம்" என்றார் கேலன். "பொட்டு பெயரில்லாதது. அதுதான் அதோட அழகு. ஒட்டின பிறகு அது உங்க பொட்டு இல்ல, ஊரோட பொட்டு. ஊரோட கருத்த ஒரு தனி ஆளு வாபஸ் வாங்க முடியாது."

"அந்தக் கருத்தத்தான் நீங்களே நிராகரிச்சுட்டீங்களே."

"ஆமா. ஆனா மதிச்சுட்டு நிராகரிச்சோம்."

லாயிஸ் ட்ரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டோரீன் எனக்குச் சகோதரி மாதிரி. கசரோல் குடுத்தேன், வெண்டலுக்குத் தெரியும். ஆனா இது டோரீனப் பத்தினது இல்ல. ஊரோட குணத்தப் பத்தினது. இன்னிக்கு ஒரு வாசல்ல ராம்ப் வந்தா நாளைக்கு இன்னொரு வாசல்ல வரும். ஆல்டர் தெருவுல நடந்து போறவங்க என்ன நெனைப்பாங்க? இந்த ஊர்ல ஒடம்பு சரியில்லாதவங்க இருக்காங்கன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"இருக்காங்களே" என்றார் வெண்டல். விளக்கு சிவப்பாகிவிட்டிருந்தது. அவர் வாய் அசைந்ததை எல்லாரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புத்தகம் நிறைவேறியது. கை தட்டினார்கள். கேலனுக்கு ஒரு கேக் வெட்டினார்கள், வெண்டலுக்கும் ஒரு துண்டு வந்தது. இது கோபம் வர வேண்டிய இடம் என்று அவருக்குத் தெரிந்தது. கோபம் வரவில்லை. கேக்கைத் தின்றார்.

புதிய புத்தகத்தில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. குடியிருப்பவர் யாரும் திருத்தம் கோரலாம், திட்டக்குழு அதைக் கேட்டே ஆக வேண்டும். வெண்டல் மறுநாளே மனுக் கொடுத்தார். ஃபிலிஸ் முத்திரை குத்தினாள். அந்த மாதமே குழுவில் நாலு பேர் விலகினார்கள். ஒருவர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனார். புதுப் புத்தகத்தின்படி தங்கள் வீட்டு வேலியே தப்பு என்று மற்ற மூவரும் கண்டுபிடித்தார்கள். மிஞ்சியது பெட்டிபோன், லாயிஸ், ஹார்வி என்ற முதியவர் ஆகிய மூன்று பேர். கூட்டம் தொடங்கியதும் ஹார்வி காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். நாலு பேர் இல்லாமல் குழு கூட முடியாது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் மூவரும் வந்து, நாலு பேர் இல்லை என்று பதிவு செய்துவிட்டுப் போனார்கள். வெண்டல் மூன்று கூட்டத்துக்கும் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரே வழிதான் இருக்கு" என்றாள் ஃபிலிஸ். அவளுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "எல்லாக் கூட்டத்துக்கும் வந்த ஒரே ஆளு நீங்கதான். நீங்களே உறுப்பினரா சேந்துடுங்க. நாலு பேராயிடும், கூட்டம் நடக்கும், உங்க மனுவும் வரும்."

ஜனவரியில் வெண்டல் வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தார். பித்தளைப் பெயர்ப்பலகை வைத்தார்கள். அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போய் டோரீனிடம் காட்டினார்.

"கடைசில உன்னையும் ஒரு நாற்காலில உக்கார வெச்சுட்டாங்க" என்றாள் அவள். "என்னோடதுக்காவது சக்கரம் இருக்கு."

குழுவில் வரிசை முக்கியம். சாதாரண மனுக்கள் முதலில், விதித் திருத்தம் கேட்கும் மனுக்கள் கடைசியில். மூன்று மாதக் கூட்டம் நின்றுபோனதில் நாற்பது மனுக்கள் குவிந்திருந்தன, வெண்டலுடையது கடைசிக்குப் பக்கத்தில். சீக்கிரம் முடித்தால்தான் தன் மனு வரும் என்று அவர் மற்ற மனுக்களை வேகமாகத் தள்ளினார். வேகமாக முடிக்க ஒரே வழி மறுப்பதுதான் என்பதும் சீக்கிரமே பிடிபட்டது. சம்மதித்தால் நிபந்தனை எழுத வேண்டும், நிபந்தனையை விவாதிக்க வேண்டும். மறுத்தால் ஒரு வரி. பெட்டிபோன் முன்மொழிவார், வெண்டல் வழிமொழிவார், லாயிஸ் வருத்தப்படுவாள், ஹார்வி மற்றவர்களைப் பார்த்துக் கை தூக்குவார். வழிமொழிய யாராவது உண்டா என்று பெட்டிபோன் கேட்டு முடிக்கும்வரைகூட வெண்டல் காத்திருக்கவில்லை. பிப்ரவரியில் ஒரே கூட்டத்தில் பத்தொன்பது மனுக்களைத் தீர்த்தார்கள்.

அந்தப் பத்தொன்பதில் ஒன்று ரூத் அன்ஸ்லி என்ற பெண்ணுடையது. மகனுக்குப் பார்வை கிடையாதாம். தெருவிலிருந்து வாசல்வரை ஒரு கைப்பிடிக் கம்பி கேட்டாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். விளக்கு சிவப்பானது, ஒலிபெருக்கி அணைந்தது, வாய் மட்டும் அசைந்தது.

"உங்க நேரம் முடிஞ்சுபோச்சும்மா" என்றார் வெண்டல்.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தார். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்கூட மரத்துப்போன பல்லைத் தொட்டாற்போல எங்கேயோ தூரத்தில்தான் இருந்தது. அடுத்த மாதம் டோரீன் வந்துவிடுவாள், அப்புறம் ராஜினாமா செய்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டார்.

மார்ச் கூட்டம். ஏழாவது பொருள், பதினெட்டு ஆல்டர் தெரு. லாயிஸிடம் முன்கூட்டியே பேசியிருந்தார். ‘உறுப்பினர் வீட்டு ராம்ப்னா அது வேற விஷயம், அதுல ஒரு கௌரவம் இருக்கு' என்று அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். பெட்டிபோனும் சரி என்றுவிட்டார். ஹார்வி கை தூக்குவார். அன்று காலை வெண்டல் டோரீனுக்குப் போன் செய்து, "இன்னிக்கு முடிஞ்சுடும், நாளைக்குத் தச்சன் வர்றான்" என்று சொல்லியிருந்தார்.

ஏழாவது பொருளை வாசித்ததும் நகராட்சி வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"இது உறுப்பினர் குஸ்மாவோட சொந்த மனு. அவரு ஓட்டுப் போடக்கூடாது. போடக்கூடாதது மட்டுமில்ல, இந்த அறையிலயே இருக்கக்கூடாது."

"நான் ஓட்டுப் போட மாட்டேன். சும்மா உக்காந்திருக்கேன்" என்றார் வெண்டல்.

"உக்காரவும் கூடாது. உங்க முகத்தப் பாத்தா அவங்களுக்கு இரக்கம் வந்துடும். விதி அதுக்குத்தான் இருக்கு."

"நான் வெளிய போனா மூணு பேர்தானே?"

"மூணு பேர்தான். கூட்டம் செல்லாது. மனு அடுத்த மாசத்துக்குப் போகும்."

"அடுத்த மாசமும் நான் வெளிய போகணுமே?"

"ஆமா."

"நான் ராஜினாமா பண்ணிட்டா?"

வக்கீல் நேர்மையாக யோசித்தார். "அப்பவும் மூணு பேர்தான்."

பெட்டிபோன் முன்னால் சாய்ந்தார். குரலில் உண்மையான அன்பு இருந்தது. "வெண்டல், நீங்க எங்கள்ல ஒருத்தர். உங்களுக்காக ஒரு விதிய வளைச்சோம்னா, நாளைக்கு ஊரு நம்மளப் பத்தி என்ன சொல்லும்? உங்க நல்ல பேருக்காகத்தான் சொல்றேன். உறுப்பினர் குஸ்மாவை இந்தப் பொருளிலிருந்து விடுவித்து வெளியே அனுப்ப வேண்டும்னு நான் முன்மொழியறேன். வழிமொழிய யாராவது..."

கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஃபிலிஸ் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தாள்.

மறுநாள் மதியம் வெண்டல் பராமரிப்பு இல்லத்துக்குப் போனார். டோரீன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே செவிலியைக் கூப்பிட்டுத் தலையை வாரி, நீல நிறக் கோட்டைப் போட்டுப் பொத்தான் எல்லாம் மாட்டிவிடச் சொல்லியிருந்தாள். மடியில் கைப்பை இருந்தது.

"தச்சன் வந்தானா?"

"இல்ல."

"ஏன், மனு எடுக்கலியா?"

"எடுத்தாங்க. என்ன வெளிய அனுப்பிட்டாங்க. ஆளு கொறஞ்சு போச்சு. அடுத்த மாசம் எடுப்பாங்க. அப்பவும் அனுப்புவாங்க."

"யாரு அனுப்பினது? அந்த லாயிஸா?"

"தலைவர் ரோலண்ட் முன்மொழிஞ்சாரு."

"யாரும் எதுவும் சொல்லலியா? வழிமொழிய ஒரு ஆளு வேணுமே. யாரு அந்தப் புண்ணியவான்?"

வெண்டல் ஜன்னல் பக்கம் பார்த்தார். கார் நிறுத்துமிடத்தில் ஒரு லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.

"நான்தான்" என்றார். "வாய்ல வந்துடுச்சு."

டோரீன் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"நிறைவேறிச்சா?"

"ஏகமனதா."

அவள் கைப்பையை வலது கையால் எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். பிறகு கழுத்தைச் சற்று உயர்த்திக் காட்டினாள். ஒரு கையால் அவளுக்குக் கோட்டுப் பொத்தான் கழற்ற வராது. வெண்டல் எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்.